எல்லாப் பெண்களும் அறுபத்தைந்து கிலோ

1. ஐந்து தாள்கள்

ஜூன் மாத நீண்ட வார இறுதிக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணி. காலையில் வாசலையும் தாண்டி நின்ற வரிசை கரைந்துவிட்டது. நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அன்று வாடகைக்குப் போன சாமான்களின் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரே குழுவில் பதினான்கு பேர். அதில் பெண்கள் ஐந்து பேர். முதலாவது பெண்ணின் தாளில் நிறை 65 கிலோ. இரண்டாவதில் 65. மூன்றாவதிலும் 65. மிச்ச இரண்டையும் இழுத்தெடுத்துப் பார்த்தேன். அவற்றிலும் 65.

மெல்பேர்ணின் தென்கிழக்கில், கிரான்பர்னுக்குப் போகும் பெருந்தெருவில் இருக்கிறது, பனியில் சறுக்கி ஓடுகிற ஸ்கீ பலகைகளை வாடகைக்கு விடும் எங்கள் கடை. இங்கே ஜூனில்தான் குளிர்காலம் தொடங்கும். பதினொரு குளிர்காலமாக அங்கே வேலை செய்கிறேன். சப்பாத்துக் கழுவத் தொடங்கி, இப்போது பட்டறைக்குப் பொறுப்பாக இருக்கிறேன். ஸ்கீ ஓட எனக்குத் தெரியாது. ஓடத் தெரியாதவன் எப்படி ஸ்கீ பூட்டுகிறாய் என்று எங்கள் ஆட்கள் பகிடி பண்ணுவார்கள். சவப்பெட்டி செய்கிறவன் அதில் படுத்துப் பார்த்தா செய்கிறான் என்று கேட்டால் வாயை மூடிவிடுவார்கள்.

அந்த ஐந்து தாள்களும் ஏன் என்னைக் கலக்கின என்று விளங்க, ஒரு விஷயம் தெரிய வேண்டும். ஸ்கீயையும் சப்பாத்தையும் பிடித்து வைத்திருக்கிற பூட்டுக்குப் பெயர் பைண்டிங். ஆள் விழுந்து கால் முறுகும்போது அது தானாகக் கழன்று காலை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் நீளமான ஸ்கீ ஒரு பக்கம் திரும்பும், கால் கூடவே திரும்பும், முழங்காலோ கணைக்கால் எலும்போ போய்விடும். எவ்வளவு பலத்தில் கழல வேண்டும் என்பதற்கு ஒரு இலக்கம் இருக்கிறது. ஆளின் நிறை, உயரம், வயது, சப்பாத்தின் நீளம், ஓடும் திறமை எல்லாவற்றையும் வைத்துக் கணக்குப் பார்த்து, ஒரு ஸ்குரூ டிரைவரால் அந்த இலக்கத்துக்குத் திருப்பி வைப்பதுதான் என் வேலை. நிறை பிழைத்தால் எல்லாம் பிழை.

2. படிவம் நிரப்புகிறவர்

பதினான்கு பேரின் படிவத்தையும் இணையத்தில் நிரப்பியவர் ஞானம் அண்ணை. கிரான்பர்னில் அவரைத் தெரியாத எங்கள் ஆட்கள் குறைவு. படகில் வந்து இறங்கிய எங்களில் அரைவாசிப் பேருக்கு விசா படிவம், வங்கிப் படிவம், வீட்டு வாடகைப் படிவம், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படிவம் எல்லாம் நிரப்பித் தந்தவர். ஒரு தேநீர் தவிர வேறொன்றும் வாங்கமாட்டார். எனக்கும் அவர்தான் நிரப்பினார். இந்தக் கடைக்கு வேலை கேட்டு எழுதியதும் அவருடைய கைதான்.

படிவத்தில் அவருக்கு இரண்டு சட்டம் உண்டு. ஒரு பெட்டியையும் வெறுமையாக விடக்கூடாது. ஒருமுறை எழுதியதைப் பிறகு மாற்றக்கூடாது. இரண்டையும் நாங்கள் அனுபவப்பட்டுத்தான் படித்தோம். என் விசா நேர்காணலில் ஒரு மாதத்தின் பெயரை நான் மாற்றிச் சொல்லிவிட்டேன். அது ஏன் மாறியது என்று அதற்குப் பிறகு மூன்று வருடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று காலை மூன்று குடும்பங்களும் தனியாளான மாலினி அக்காவுமாகப் பதினான்கு பேரும் இரண்டு வான்களில் வந்து இறங்கினார்கள். பிள்ளைகள் நாலு பேரும், இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டுகிற ஸ்னோபோர்ட் கேட்டிருந்தார்கள். அதன் பைண்டிங் கழலுவதில்லை, அதனால் நிறைக் கணக்கும் இல்லை. அதில் முறிவது மணிக்கட்டு. நாலு பேருக்கும் மணிக்கட்டுக் காப்பு மாட்டிவிட்டேன். ஒரு தாய், வளர்கிற பிள்ளைதானே, ஒரு அளவு பெரிய சப்பாத்தாகத் தாங்கோ என்றார். அக்கா, இது மூன்று நாளைக்குத்தான், அதுக்குள்ள வளராது என்று சொல்லிச் சரியான அளவைக் கொடுத்தேன். இன்னொருவர் இரண்டு சோடி காலுறை போட்டு வந்திருந்தார். ஒன்றைக் கழற்ற வைத்தேன். சின்னச் சின்னப் பிழைகளைப் பிடித்ததில் எனக்குப் பெருமை வேறு.

ஆனால் நான் செய்ய வேண்டிய பெரிய வேலை ஒன்று இருந்தது. இணையத்தில் வந்த விவரத்தை வைத்து முதல் நாளே ஸ்கீக்களைத் திருப்பி, இலக்கத்தை ஸ்டிக்கரில் ஒட்டி வைத்துவிடுவோம். ஆள் வந்ததும் தராசில் ஏற்றி நிறுத்து, படிவத்தோடு ஒத்துப்பார்த்து, ‘நிறுத்தது’ என்ற பெட்டியில் சரி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். ஞானம் அண்ணை பதினான்கு தாளையும் அச்செடுத்து, ஓரம் பிசகாமல் அடுக்கி, ஊசி குத்திக் கொண்டுவந்து என் கையில் தந்தார். எல்லாம் சரியாக இருக்கு தம்பி, நீ கையெழுத்தை மட்டும் வை என்றார். பின்னால் முப்பது பேர் நிற்கிறார்கள். அவர் நிரப்பிய படிவத்தைச் சந்தேகப்பட்டு, அத்தனை பேருக்கு முன்னால் தராசை இழுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மாலினி அக்கா மட்டும் ஒரு அடி முன்னால் வந்தார். ஐம்பத்திரண்டு வயது, மெலிந்த ஆள். முதியோர் இல்லமொன்றின் குசினியில் சமையல் வேலை. தற்காலிக விசா, அழைத்தால்தான் ஷிப்ட், ஒரு நாள் நின்றால் அந்த நாள் சம்பளம் இல்லை. ஊரில் இருக்கிற இரண்டு பிள்ளைகளும் அந்தச் சம்பளத்தில்தான் படிக்கிறார்கள். பனியை ஒருமுறை காலால் மிதித்துப் பார்க்க வேண்டும் என்று பத்து வருடமாக ஆசைப்பட்டவர். “தம்பி, இதில என்ரை நிறை…” என்று தொடங்கினார். அது சரி மாலினி, நான் போட்டிட்டன் என்று ஞானம் அண்ணை முடித்துவிட்டார். எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்டும் கேளாதவன்போல அடுத்த தாளுக்குப் போனேன். ஸ்கீ எடுத்த பத்துப் பேரின் பெட்டியிலும் சரி போட்டுக் கையெழுத்தும் வைத்தேன்.

3. டெப் கேட்ட கேள்வி

பின்னேரம் அந்தத் தாள்களைப் பார்த்தபோது விளங்கிவிட்டது. பெண்கள் எல்லாரும் 65. ஆண்கள் எல்லாரும் 80. திறமை என்ற பெட்டியில் எல்லாருக்கும் மூன்று. மூன்று என்றால் வேகமாக ஓடத் தெரிந்த, பழகிய ஆள் என்று அர்த்தம். பனியைக் கண்ணால் கண்டிராத பத்துப் பேரை மலையின் சூரர்களாக எழுதியிருந்தது. மாலினி அக்காவின் சப்பாத்தைப் பூட்டியது நான்தான். கெண்டைக்கால் என் இரண்டு விரலுக்குள் அடங்குகிற மாதிரி இருந்ததும் நினைவுக்கு வந்தது. அந்தக் காலுக்கு இலக்கம் மூன்றுக்குக் கீழே நிற்க வேண்டும். ஸ்டிக்கரில் ஆறுக்கு மேலே இருந்தது. அவர் விழுந்தால் அந்தப் பூட்டுக் கழலாது.

உடனே ஞானம் அண்ணைக்குத் தொலைபேசி அடித்தேன். மலைப் பாதையில் சிக்னல் இல்லை. மாலினி அக்காவுக்கு அடிப்போம் என்று அவருடைய தாளைப் பார்த்தால், அதிலும் ஞானம் அண்ணையின் தொலைபேசி இலக்கம். பதினான்கு தாளிலும் அதே இலக்கம். அவசரத் தொடர்புக்கும் அவரே.

உள்ளதைச் சொல்கிறேன். ஒரு கால் மணித்தியாலம் நான் பேசாமல் இருந்தேன். ஒன்றும் நடக்காமலும் போகலாம், அவ விழாமலும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிறுக்காமல் நிறுத்தேன் என்று கையெழுத்து வைத்தது தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் என் விசாவுக்கு என்னாகும் என்றும் யோசித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். இன்றைக்கும் அந்தக் கால் மணித்தியாலத்தை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கடைசியில் அந்தக் கெண்டைக்கால்தான் என்னை எழுப்பியது. முறிந்தால் நாலு மாதம் அவர் குசினிக்குப் போக முடியாது, அந்த நாலு மாதமும் அவருக்கு யார் இருக்கிறார்கள்?

கடைக்காரி டெப் பின்னால் ஸ்கீக்களுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடம் மலையில் மீட்புப் படையில் வேலை செய்து, முறிந்த கால்களைப் பலகையில் கட்டி இறக்கிய மனிசி. நான் தாள்களைக் காட்டி, ஒருவரையும் நிறுக்கவில்லை என்று சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். டெப் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“அவர்கள் எத்தனை மணிக்குப் பனியில் இறங்குவார்கள்?”

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பு என்றேன். மற்றதைப் பிறகு பேசுவோம், விடியக் கடை வானை எடுத்துக்கொண்டு போ என்று திறப்பைத் தந்தார். மலையில் லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கிற வாடகைக் கடைக்குத் தானே அடித்து, எங்களுக்கு ஒரு மேசையும் பைண்டிங் சோதிக்கிற கருவியும் ஒதுக்கி வைக்கச் சொன்னார். ஸ்கீ பள்ளிக்கும் சொன்னார். ஆனால் பருவம் தொடங்குகிற முதல் சனிக்கிழமை, ஆயிரம் பேருக்குள் எங்கள் பத்துப் பேரை அவர்களால் தேடிப் பிடிக்க முடியாது. அவர்களின் முகம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

4. தராசோடு பஸ்ஸில்

அடுத்த நாள் விடிய வெளிக்கிட்டேன். அடிவாரத்தில் வாகன வரிசை. நீண்ட வார இறுதிக்கு முழு மெல்பேர்ணும் அங்கேதான் நின்றது. ஒன்பது மணிக்கும் நான் மலையின் நுழைவாசலைத் தாண்டவில்லை. ஞானம் அண்ணையின் தொலைபேசி அப்போதும் எடுபடவில்லை. வானை நிறுத்தி, மேலே போகிற பஸ்ஸில் ஏறியபோது ஒன்பது நாற்பது. எல்லாரும் ஸ்கீயோடு நிற்கிறார்கள், நான் குளியலறைத் தராசைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பக்கத்தில் நின்ற ஒரு கிழவர், மலையேறினால் மெலியலாம் என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பழகுகிறவர்களுக்கான சரிவின் அடியில் அவர்களைக் கண்டேன். மாலினி அக்கா ஸ்கீயைப் பூட்டிக்கொண்டு தயாராக நின்றார். முதலில் அவருடைய இரண்டு ஸ்கீயையும் கழற்ற வைத்தேன். பிறகு எல்லாரையும் ஸ்கீக்களைக் கழற்றச் சொன்னேன். என்ன ஏது என்று ஒவ்வொருவரும் கேட்க, ஞானம் அண்ணை என் தோளைப் பிடித்து ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

“கேதீஸ், ஃபோமில ஒரு பிழையும் இல்லை. பொம்பிளையளிட்டை நிறை கேக்கிறது மரியாதை இல்லை, நடுவா ஒண்டு போட்டனான். கூடப் போட்டால் பலமான சாமான் தருவாங்கள்தானே?”

அப்ப திறமைக்கு ஏன் மூன்று போட்டீர்கள் என்று கேட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று இருந்ததாம். மூன்றுதான் கூடிய பாதுகாப்பு என்று நினைத்தாராம். அவர் கெட்டதை நினைக்கவில்லை. எல்லாருக்கும் உள்ளதில் நல்லதை வாங்கிக் கொடுக்கத்தான் பார்த்திருக்கிறார்.

எல்லாரையும் நிறுத்துப் பார்த்து இலக்கத்தை மாற்ற வேண்டும் என்றதும் அவருடைய முகம் மாறிவிட்டது.

“இப்ப மாத்தினால் பிறகு இன்சூரன்ஸ்காரன் வந்து, முதல் ஏன் அப்பிடி எழுதினனீங்கள் எண்டு கேப்பான். எழுதினதை மாத்தினால் என்ன நடக்கும் எண்டு உனக்கு நான் சொல்லவேணுமே?”

சொல்லத் தேவையில்லை. எனக்குத் தெரியும். இவர் எனக்குச் செய்த உதவிக்கு நான் இவரோடு இப்படிப் பேசுவதா என்றும் இருந்தது. ஆனால் மாலினி அக்கா எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அண்ணை, அங்கை விசாவில மாத்தினால் எங்களை நம்பமாட்டினம். இஞ்சை மாத்தாட்டில் கால் முறியும்” என்றேன்.

அவர் பதில் சொல்ல முதல் மாலினி அக்கா நடந்து வந்துவிட்டார்.

“தம்பி, நான் நாப்பத்திநாலு கிலோ. நேற்றே சொல்ல வந்தனான்” என்றார்.

வாடகைக் கடையின் மரத்தளத்தில் தராசை வைத்தேன். பெண்கள் நிறுக்கும்போது ஆண்கள் மற்றப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்று அங்கேயே ஒரு சட்டம் போட்டார்கள். ஐந்து பெண்களில் ஒருவர்கூட அறுபத்தைந்து இல்லை. ஞானம் அண்ணையின் மனைவி எழுபத்தெட்டு. அவர் தராசிலிருந்து இறங்கி, புருஷனை ஒரு பார்வை பார்த்தார். கடைசியாக ஞானம் அண்ணை ஏறினார். எண்பது என்று எழுதியவர் தொண்ணூற்றிரண்டு. உடுப்பு என்றார். உடுப்புக்குக் கழித்துவிட்டேன் அண்ணை என்றேன்.

மாலினி அக்காவின் ஸ்கீயை மேசையில் வைத்து, பழைய இலக்கத்திலேயே சப்பாத்தைப் பூட்டி, ஞானம் அண்ணையைப் பக்கவாட்டில் தள்ளச் சொன்னேன். தொண்ணூற்றிரண்டு கிலோ மனிதர் முக்கி முக்கித் தள்ளினார். அசையவில்லை. பிறகு இலக்கத்தை இறக்கி, திரும்பவும் தள்ளச் சொன்னேன். டக்கென்று சப்பாத்து வெளியே வந்தது. இது பழுதாப் போச்சே, கை பட்டாலே கழருது என்று அவர் பதறினார். கழரத்தான் வேணும் அண்ணை, இதுதான் சரி என்றேன். அவர் அந்த ஸ்கீயையும் மாலினி அக்காவின் காலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தானே ஒவ்வொரு சோடியாக எடுத்து என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தார். மாற்றிய இலக்கங்களைத் தாள்களில் எழுதியதும் அவர்தான். பழையதை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் புதியதை எழுதினார்.

ஸ்கீ பள்ளிக்காரர் அவர்களைப் பதினொரு மணி வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். நான் திரும்பிப் போயிருக்கலாம். கால் நகரவில்லை. சரிவின் அடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரை மணித்தியாலம் போயிருக்காது. மாலினி அக்கா மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி வந்தார், முகம் முழுக்கச் சிரிப்பு. அந்த வருடம் பனி மெல்லிசு. இடையில் ஓரிடத்தில் உருகிச் சேறாகிக் கிடந்தது. ஒரு ஸ்கீயின் நுனி அதில் புதைந்தது. ஸ்கீ அங்கேயே நிற்க, அவருடைய உடம்பு மட்டும் சுற்றிக்கொண்டு விழுந்தது. கால் முறிவது இப்படித்தான். டெப் எனக்கு எத்தனையோ தரம் கையால் காட்டியிருக்கிறார்.

ஓடினேன். பனியில் ஓடத் தெரியாமல் இரண்டு தரம் விழுந்து எழும்பி ஓடினேன். போய்ப் பார்த்தால் ஸ்கீ ஒரு பக்கம் கிடக்கிறது, அவர் ஒரு பக்கம் கிடக்கிறார். காலை நீட்டி மடக்கச் சொன்னேன். நீட்டினார், மடக்கினார்.

“கழண்டிட்டுது தம்பி” என்றார்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. நான் அந்தச் சேற்றுப் பனியிலேயே இருந்து அழுதுவிட்டேன். அவர் பயந்து, நான் எங்கேயாவது முறித்துக்கொண்டேனா என்று கேட்டார். ஒன்றும் முறியவில்லை அக்கா, ஒருத்தருக்கும் ஒன்றும் முறியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவ்வளவு நிம்மதியை விசா வந்த அன்றுகூட நான் அனுபவிக்கவில்லை.

5. என் கையெழுத்து

ஞாயிற்றுக்கிழமை டெப் ஒரு வெறுந்தாளை எனக்கு முன்னால் வைத்து, நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னார். என் பிழையை நானே எழுதிக் கையெழுத்து வைத்த முதல் தாள் அது. நிறுக்காமல் சரி போட்டேன் என்ற வரியை எழுத எனக்கு ஒரு கோப்பி முடிகிற நேரம் எடுத்தது. டெப் வாசித்தார். இன்னொருமுறை செய்தால் வேலை இல்லை என்றார். பிறகு தாளைக் கோப்பில் போட்டுவிட்டு, ஒரு ஸ்கீயின் விளிம்பைத் தீட்டச் சொன்னார். இவ்வளவுதானா என்று நினைத்தபடி அரத்தை எடுத்தேன்.

இப்போது எங்கள் கடையில் தராசு ஒரு திரைக்குப் பின்னால் இருக்கிறது. நிறை எங்களுக்கு மட்டும்தான் தெரியும், மாமிக்கும் மச்சாளுக்கும் தெரியாது. அவரவர் படிவத்தை அவரவரே நிரப்ப வேண்டும். புதிதாகப் பட்டறைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எழுதியது யார் என்று பார்க்காதே, ஆளை நிறு. பிழை விட்டுவிட்டாயென்றால், ஆள் பனியில் இறங்க முதல் சொல்லிவிடு.

செவ்வாய்க்கிழமை காலை மாலினி அக்கா ஸ்கீக்களைத் தோளில் சுமந்துகொண்டு கடைக்கு வந்தார். எத்தனை தரம் விழுந்தீர்கள் என்று டெப் கேட்க, பத்தொன்பது என்று விரலை மடக்கி மடக்கிக் காட்டினார். மடக்கும்போதே சிரிப்பு. அடுத்த வருடமும் போவாராம். பிறகு நேரத்தைப் பார்த்து, பத்தரைக்கு ஷிப்ட் தம்பி, போட்டு வாறன் என்றார். தெருவைக் கடக்கும்போது பஸ் வந்துவிட்டது. மாலினி அக்கா ஓடிப் போய் அதைப் பிடித்தார். நான் கவுண்டரை விட்டு வாசலுக்கு வந்து, அவர் ஓடியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.